முதல் எச்சில்

பச்சை அட்டை வந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மஞ்சள் வந்தால் ஒரு வாரம் கழித்துப் போகலாம். சிவப்பு வந்தால் எப்போது போகலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னும் ஒரே ஒரு சோதனை என்று மட்டும் சொல்வார்கள்.

பிரம்மசக்திக்குப் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் காலையில் அந்த ஒரே ஒரு சோதனை வந்தது. அதற்குள் அவள் கூடையைக் கட்டி, வாளியைக் கழுவிக் கவிழ்த்து, பிள்ளைக்குப் புதுத் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி பச்சை அட்டையை வாங்கிக்கொண்டு, போயிட்டு வாரேங்க்கா என்று சொல்லிக் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்து நம் முறை என்று சக்தி வாசலையே பார்த்தாள். சிஸ்டர் வந்தார். கையில் அட்டை இல்லை. வயர்கள் தொங்குகிற ஒரு சின்ன மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கூடையை அவிழ்த்துடும்மா, இன்னைக்கு இல்ல என்றார்.

இரண்டே முக்கால் கிலோ பிள்ளை. அந்த நெஞ்சில் வயர் மாட்டுகிற ஐந்து வில்லைகளை ஒட்டியதும் தோல் தெரியவில்லை. பிள்ளை அழக்கூட இல்லை. வாயைக் குவித்துக் கொட்டாவி விட்டது. சக்திதான் அழுதாள். அதுவும் கோபத்தில் வந்த அழுகை. எதற்கு இந்தச் சோதனை என்று மூன்று முறை கேட்டும் டாக்டர் வந்து சொல்வாங்க என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

முன்னறிவுப் பதிவேடு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிறந்த கால் மணி நேரத்துக்குள் பிள்ளையின் வாயில் ஒரு பஞ்சுக் குச்சியைச் சுழற்றி எடுப்பார்கள். அந்த எச்சிலைப் படித்து, இந்தப் பிள்ளைக்கு எந்த வயதில் என்ன நோய் வரும் என்று மெஷின் சொல்லிவிடும். சொன்னதை நிறமாக மாற்றிப் பிறப்புச் சான்றிதழில் அச்சடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் பிறந்தவர்களை யாரும் படிக்கவில்லை. கோடிக்கணக்கான பேரைப் படிக்க ஆள் இல்லை, மெஷினும் இல்லை.

நிறம் என்ன செய்யும் என்று சக்திக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் பி.எஸ்சி. அவள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். ஏழு வருஷமாக இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் நிறம் என்ற கட்டத்தில் சிவப்பு என்று அவளே நூற்றுக்கணக்கான முறை அடித்திருக்கிறாள். அவை எத்தனை நாளில் திரும்பி வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். இடமில்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். சிவப்பு என்பதால் என்று ஒருவரும் எழுதியதில்லை. எழுதினால் சட்டப்படி தப்பாம்.

மறுநாள் ஸ்கேன். அதற்கு அடுத்த நாள் முழுக்கப் பிள்ளை வயரோடு கிடந்தது. பால் கொடுக்கும்போது வயர் சக்தியின் கழுத்தில் சிக்கியது. எல்லாம் முடிந்த பிறகுதான் டாக்டர் ஜெபா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சின்ன வயது டாக்டர். இரண்டு நாள் தூங்காத கண்.

"பிள்ளைக்கு இப்ப ஒண்ணும் இல்ல பிரம்மசக்தி. எடுத்த டெஸ்ட் எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார்.

"அப்ப வீட்டுக்குப் போறோம்."

"இருங்க. பிறந்தப்ப எடுத்த எச்சில்ல ஒரு கோளாறு தெரியுது. இதயத்துல மின்சாரம் மாதிரி ஒண்ணு ஓடும்ல, அதோட பாதையில. முப்பத்தஞ்சு, நாப்பது வயசுக்கு மேல சொல்லாம கொள்ளாம துடிப்பு நின்னுடலாம். நிக்காமலும் போகலாம். மாத்திரை இருக்கு. ஒழுங்கா சாப்பிட்டா எழுபது வயசு வரைக்கும் இருக்கிறவங்க இருக்காங்க."

"மாத்திரை குடுக்கிற விஷயத்துக்கு சர்டிபிகேட்ல சிவப்பு எதுக்கு?"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பின் குழாயை விரலில் சுற்றி அவிழ்த்தார்.

"திரும்ப ஒரு தடவ எடுத்துப் பாருங்க" என்றாள் சக்தி.

அதுதான் முடியாது என்று டாக்டர் விளக்கினார். சட்டம் வந்த புதிதில் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இருந்ததாம். வசதியானவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இரண்டாம் மாதிரி என்று வேறு பிள்ளையின் எச்சிலைக் கொடுத்துப் பச்சை வாங்கிக்கொண்டு போனார்கள். அது வெளியே தெரிந்து நாறியதும், முதல் மாதிரி மட்டும்தான் செல்லும் என்று திருத்திவிட்டார்கள்.

"அவன் திருடுவான், கதவ எங்களுக்குப் பூட்டுவீங்க" என்றாள் சக்தி.

"ஒரே ஒரு வழி இருக்கு. முதல் மாதிரியில வேற ஆளோட எச்சில் கலந்திருக்குன்னு அந்த ஆளே எழுதிக் குடுக்கணும். குடுத்தா அவங்க மாதிரியும் எடுப்போம். கோளாறு அவங்களோடதுன்னு ஆச்சுன்னா பிள்ளைக்கு ரத்தம் எடுத்து புதுசா பாக்கலாம். ஆனா அவங்க பேரு பதிவேட்டுல ஏறிடும்." டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். "யாராவது பிள்ள வாயில கை வச்சீங்களா?"

"இல்ல" என்றாள் சக்தி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

கை வைத்தது உண்மை. வைக்கச் சொன்னதே அவள்தான்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள் அந்தப் பக்கத்தில். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். விஞ்ஞானம் படித்த சக்தி இதை நம்பவில்லை. நம்பாவிட்டாலும் ஏழாம் மாதத்திலேயே ஆளை முடிவு செய்துவிட்டாள். கணவனின் தங்கை சந்தனக்கனி. துறைமுகத்தில் நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்குகிற கிரேன் ஓட்டுநர். அந்தத் துறைமுகத்தில் அந்தக் கூண்டுக்குள் ஏறிய முதல் பெண். ஏறிய முதல் வாரம் கீழே நின்று கூவிய ஆண்கள் இப்போது அவள் கை காட்டினால்தான் நகர்வார்கள். எம் பிள்ளைக்கு இந்தத் திமிரு வேணும் என்று சக்தி கேட்டாள். பிரசவ அறைக்கு வெளியே பிள்ளையை வாங்கிய கையோடு, இனிப்பு சரியா என்று தன் நாக்கில் தொட்டுப் பார்த்த விரலாலேயே கனி சேனை வைத்தாள். பத்து நிமிஷத்தில் சிஸ்டர் பஞ்சுக் குச்சியோடு வந்தார்.

இப்போது வாயைத் திறந்தால் பிள்ளைக்கு வழி உண்டு. ஆனால் நிறம் கனி மேல் விழும். சிவப்பு விழுந்த ஆளைத் துறைமுகத்தில் ஏணியைத் தொடக்கூட விட மாட்டார்கள். பெற்றவள் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். சக்தியும் தன்னையே அப்படித்தான் கேட்டாள். மத்தியானம் கனி வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவும் கட்டினாள்.

கனி ஷிப்ட் முடிந்த உடுப்போடு வந்தாள், கருவாடு போடாத பத்தியக் குழம்பைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு. பிள்ளையைத் தூக்கி, ஏ பெட்டிக்காரி, எத்தன டன் இருக்க நீ என்று கேட்டாள். சக்தி சோற்றைப் பிசைந்தாள், வாயைத் திறந்தாள், குழம்புல உப்பு கம்மி என்று சொன்னாள்.

அன்றைக்கு அப்படிப் போனது. மறுநாளும் அப்படித்தான் போயிருக்கும், கனி பிரசவ வார்டின் சுவரைப் படிக்காமல் இருந்திருந்தால்.

மறுநாள் கனி வந்ததும் பிள்ளையைத் தூக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். சக்தியின் கணவன் சுயம்புலிங்கமும் அப்போது அங்கே இருந்தான், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் கொண்டு விட்டுவிட்டு நேராக வந்தவன்.

"மைனி, அங்க போர்டுல எழுதிப் போட்டிருக்கு. எச்சில் எடுக்கிறதுக்கு முந்தி பிள்ள வாயில எதையும் வைக்கக்கூடாதாம். வச்சிருந்தா வச்ச ஆளு எழுதிக் குடுக்கணுமாம். உங்களுக்குத் தெரியும்லா?"

"எதுக்கு இப்ப?"

"தெரியும்லா?"

"டாக்டரம்மா சொன்னா."

"எப்ப?"

"நேத்து."

கனி சக்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்காலில் ஓர் அடி வைத்தாள், வலிக்கிற அடி.

"பைத்தியமா மைனி நீங்க? எனக்காவவா பிள்ளைய இங்க போட்டு வச்சிருக்கீக?"

உன்னைக் கூண்டிலேயிருந்து இறக்கிவிட்டு அந்தப் பச்சையை வைத்து நான் என்ன செய்ய என்று சக்தி கேட்டாள். எட்டு வருஷம் மல்லுக்கட்டி ஏறினதை ஒரு சொட்டு எச்சிலுக்காக விடுவியா என்று கேட்டாள். வேறு வழி பார்ப்போம், கோர்ட்டுக்குப் போவோம், எழுதிப் போடுவோம் என்று என்னென்னவோ சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது வெறும் வாய் என்று தெரிந்தது.

"எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு அண்ணன் சொல்லிருக்கானா?" என்றாள் கனி. "நாப்பத்திரெண்டு வயசு. உப்பளத்துல வாருபலகையப் பிடிச்சிட்டு நின்னவரு அப்படியே முகங்குப்புற உப்புல விழுந்தாரு. வெயில் அடிச்சிட்டுன்னு எழுதி முடிச்சிட்டாங்க. கூட நூறு பேரு அதே வெயில்லதான் நின்னாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அப்பவே யாராவது அவர ஒரு தடவ படிச்சிருந்தா மாத்திரை குடுத்திருப்பாங்கல்ல? எனக்கு முப்பத்தொண்ணு மைனி. நான் மேல இருக்கும்போது அப்பா மாதிரி ஆச்சுன்னா, எங்கையில தொங்குறது முப்பது டன் பெட்டி. கீழ ஆளு நிக்கான்."

கனி எழுந்து போய் எழுதிக் கொடுத்தாள். மாதிரியும் கொடுத்தாள். முடிவு வர சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

காத்திருப்பதில் அந்தக் குடும்பத்துக்கு அதற்குள் நல்ல பழக்கம் வந்திருந்தது. சக்தி பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். கனி பிள்ளையின் கால்விரல்களை எண்ணினாள், பத்து என்று வந்ததும் முதலிலிருந்து எண்ணினாள். சுயம்பு டீ வாங்கப் போனான். போனவன் டீ இல்லாமல் வந்தான். திரும்பப் போனான். மறுபடியும் வெறுங்கையோடு வந்து சுவரோரம் நின்றான். சக்தி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோட்டில் ஆடு குறுக்கே வந்தால் ஆட்டிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். தங்கச்சியை நினைத்துப் பதறுகிறான் என்று நினைத்தாள்.

நாலரை மணிக்கு டாக்டர் ஜெபா ஒரு அட்டையோடு வந்தார். கனியிடம் நீட்டினார். பச்சை.

கனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு இல்லியா என்று கேட்டாள். இல்லை என்றார் டாக்டர். அந்தக் கோளாறு உங்களிடம் இல்லவே இல்லை. கனிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. சக்தி அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் சந்தோஷப்படுவதற்கு ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அதற்குள் சக்தியின் மண்டை கணக்கைப் போட்டு முடித்துவிட்டது.

"அப்ப அந்தக் கோளாறு..."

"பிள்ளையோடதுன்னுதான் ஆகுது பிரம்மசக்தி" என்றார் டாக்டர் மெதுவாக. "எழுதிக் குடுத்தது செல்லாது. சிவப்ப நான் பதிவு பண்ணியாகணும். பொய் வாக்குமூலம்னு இவங்க மேல புகார் எழுதணும்னும் விதி இருக்கு. அத நான் எழுதப் போறதில்ல."

சக்தி பிள்ளையைப் பார்த்தாள். அது தூக்கத்தில் உதட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷம் கழித்து ஒரு விண்ணப்பத்தில் இதன் பேருக்கு நேரே தன் விரலே அந்த வார்த்தையை அடிக்கும் என்று நினைத்தாள். இடமில்லை என்று அது திரும்பி வரும்.

"நான்" என்றான் சுயம்பு.

யாருக்கும் புரியவில்லை. அவன் சுவரை விட்டு நகர்ந்து வந்தான்.

"கனிக்கு முந்தி நான் வச்சேன். சிஸ்டர் பிள்ளைய எங்கையிலதான் மொதல்ல குடுத்தாங்க. கனி கை கழுவப் போயிருந்தா. சீனித்தண்ணி டம்ளர் பெஞ்சுல இருந்தது. சீனி கூடிட்டோன்னு நாக்குல வச்சுப் பாத்தேன். அதே விரல முக்கி பிள்ளைக்கும் வச்சேன்."

சக்திக்கு முதலில் வந்தது நன்றி இல்லை.

"அஞ்சு நாளு" என்றாள். "அஞ்சு நாளு இத வயித்துல வச்சுக்கிட்டு நின்னீங்களா? காலையில இவ போயி கையெழுத்துப் போடும்போதும் நின்னீங்களா?"

"நின்னேன்." அவன் மறைக்கவில்லை. "இவளுக்கு இருந்துட்டா எனக்குப் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். கேவலந்தான். வேன் போயிரும்னு பயந்தேன். அப்பா மாதிரி விழுவேனோன்னு அதவிட பயந்தேன், தெரியாமலே இருந்துட்டுப் போவோம்னு இருந்தது. இன்னைக்கு காலையில பதினாலு பிள்ளைகள ஏத்திக்கிட்டு வந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்துலயும், நெஞ்சு இப்ப நின்னுருமோ, இப்ப நின்னுருமோன்னு..."

"எதுக்கு வச்சீங்க? என்கிட்ட சொல்லாம எதுக்கு வச்சீங்க?"

அவன் டாக்டரை ஒரு தடவை பார்த்தான். வெளி ஆள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது போல.

"ஏழாம் மாசத்துல நானும் கேட்டேன், நான் வைக்கட்டுமான்னு. நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீக. சரிதான், கனி குணம் வரட்டும், அவ நல்லா வந்தவ. ஆனாலும் கையில வாங்கினதும், அது என்னையே பாத்துது. என்னுது ஒரு பொட்டாவது இருக்கட்டுமேன்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

தான் சிரித்தது சக்திக்கு ஞாபகம் இருந்தது. ஆட்டுக்கிட்ட மன்னிப்பு கேக்கிற குணத்த வச்சு எம் பிள்ள என்ன செய்யும் என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. கனிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவன் எழுதிக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டதும், யாரும் கேட்காமலே வேன் சாவியை எடுத்துக் கனியிடம் நீட்டினான். நாளைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடு, ஏழு மணிக்கெல்லாம் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றுவிடும் என்றான். டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்தார். எடுத்து, மறுபடி வைத்தார். மெஷினிலிருந்து வந்த நீளக் காகிதத்தைப் படித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மயக்கம் வந்திருக்கா என்று கேட்டார். இரண்டு தடவை என்றான். எப்போ? போன வருஷம் ஒண்ணு, இந்தச் சித்திரையில ஒண்ணு. வீட்டுல சொன்னீங்களா? சொல்லல.

சக்தி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் இரண்டு முடிவும் சேர்ந்து வந்தன. சுயம்புவுக்குச் சிவப்பு. பிள்ளைக்கு ரத்தத்தில் அந்தக் கோளாறு இல்லை. அப்பனிடமிருந்து வர ஐம்பது சதவீதம் வாய்ப்பு இருந்தது, வரவில்லை என்றார் டாக்டர். சக்தியின் கையில் பச்சை அட்டையை வைத்து, நீங்க இப்பவே கிளம்பலாம் என்றார். அவரை மட்டும் விட முடியாது. மாத்திரை ஆரம்பித்து ஒரு நாள் முழுக்க வயர் மாட்டிப் பார்க்க வேண்டும். நல்ல நேரத்தில் வந்தீர்கள், இன்னும் எத்தனை மயக்கத்தை இந்த இதயம் தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

கனி ஆட்டோ பிடிக்கப் போனாள். வந்து பார்த்தபோது கட்டில் காலி. கூடை, வாளி, சக்தி, பிள்ளை எதுவும் இல்லை.

ஆண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் சுயம்பு சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். நெஞ்சில் ஐந்து வில்லைகள். பக்கத்தில் ஸ்டூலில் சக்தி, மடியில் பிள்ளை, காலடியில் கூடை.

அந்த வார்டின் சிஸ்டர் சண்டைக்கு நின்றுகொண்டிருந்தார். பச்சைப் பிள்ளையை ஆம்பளை வார்டில் வைத்திருக்கக் கூடாது, டிஸ்சார்ஜ் ஆனவங்க இங்கே இருக்கவே கூடாது என்றார். அப்படி எந்த விதியில் இருக்கு, எழுதிக் காட்டுங்க என்றாள் சக்தி. சிஸ்டர் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் கை கழுவும் முறை மட்டும்தான் ஒட்டியிருந்தது.

"வீட்டுக்குப் போ சக்தி" என்றான் சுயம்பு. "உடம்பு தாங்காது. ஒரு நாள்தான்."

"எனக்கு ஒரு நாளு எவ்வளவு நீளம்னு தெரியும்."

"கோவமா இருக்கியா?"

"ஆமா. வீட்டுக்கு வாங்க, வச்சிருக்கேன். மயக்கம் வந்தத ரெண்டு தடவ மறைச்சதுக்குத் தனியா, தங்கச்சிய முன்னால தள்ளினதுக்குத் தனியா."

அவன் தலையை ஆட்டினான். கனி வாசலில் நின்று, ஆட்டோக்காரன் கத்துகிறான் மைனி என்றாள்.

"அனுப்பிடு" என்றாள் சக்தி. "நாளைக்கு வரச் சொல்லு. இவருக்கு டெஸ்ட் முடியலியே, நாங்க எப்படி வீட்டுக்குப் போறது?"

பிள்ளை நெளிந்து கண்ணைத் திறந்தது. சக்தி அதை எடுத்து, வயர்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, அவன் கைகளில் வைத்தாள். தலையைப் பிடிங்க, இறுக்காதீங்க என்று சொல்லிவிட்டு, மெஷினில் ஓடுகிற பச்சைக் கோட்டைப் பார்த்தபடி ஸ்டூலைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.